மூளை வளர்ச்சியும் முகர்வும்: மூக்கடைப்புச் சோதனை உண்மையில் எதை அளக்கிறது?

#1 கருநாள்10

2014-ல் சயன்ஸ் இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஸ்டோவர்ஸ் நிறுவனத்து ரான் யூ குழுவுடையது, மற்றது பிரவுன் பல்கலைக்கழகத்து கிலாட் பார்னியா குழுவுடையது. இரண்டும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: மூக்கிலிருந்து முகர்வுக் குமிழுக்கு (மணச் செய்தியை முதலில் வாங்கும் மூளைப் பகுதி) போகும் ஆக்சான்களின், அதாவது நியூரான்களின் நீண்ட இழைகளின், வரைபடம் (எந்த இழை எங்கே சேரும் என்ற ஒழுங்கு) அமைவதற்கு ஒரு கெடு உண்டு. சுண்டெலியில் அது பிறப்பையொட்டிய நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. முகர்வு நியூரான்கள் ஆயுள் முழுக்கப் புதிதாகப் பிறந்துகொண்டே இருந்தும் இப்படி.

ஆனால் ஒரு மூக்குத்துளையை அடைத்து வளர்த்த குட்டிகளை வைத்து வந்த பழைய ஆய்வுகள் வேறு மாதிரி பேசுகின்றன. அங்கே குமிழ் சுருங்குகிறது, வரைபடம் பெரிதாகக் கலைவதில்லை. இவை ஒன்றுக்கொன்று முரணா? இந்தச் சோதனையைத் திட்டமிடுகிறவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? செய்முறையோடு சொன்னால் நல்லது.

#2 குமிழ்வாசி

முரண் இல்லை. இரண்டும் இரண்டு வேறு விஷயங்களை நிறுத்துகின்றன. அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991-ல் மணம் உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள், 2004-ல் நோபல். சுண்டெலியில் வேலை செய்யும் ஏற்பி மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல், மனிதரில் சுமார் 400. ஒவ்வொரு முகர்வு நியூரானும் இவற்றில் ஒன்றை மட்டும், அதிலும் தாய்வழி தந்தைவழி இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும், வெளிப்படுத்துகிறது. ஒரே ஏற்பியைத் தேர்ந்த நியூரான்கள் எபிதீலியத்தில் (மூக்கின் உட்புறத் திசுவில்) சிதறிக் கிடந்தாலும், அவற்றின் ஆக்சான்கள் ஒவ்வொரு குமிழிலும் பொதுவாக இரண்டு குளோமெருலஸ்களில் (ஆக்சான்கள் வந்து இணையும் சிறு உருண்டைகளில்) வந்து கூடும். ஒன்று உட்பக்கம், ஒன்று வெளிப்பக்கம்.

இந்தக் கூடல் மூன்று படியாக நடக்கிறது. மேல்-கீழ் அச்சை நியூரான் எபிதீலியத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது; ரோபோ2-ஸ்லிட் என்ற புரத இணை அங்கே வழிகாட்டி. முன்-பின் அச்சை அந்த ஏற்பி சும்மா இருக்கும்போதே உண்டாக்கும் சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு) அளவு தீர்மானிக்கிறது. இதை இமாய், சுசுகி, சகானோ மூவரும் 2006-ல் காட்டினார்கள். இந்த இரண்டு படிக்கும் வெளியிலிருந்து மணம் தேவையே இல்லை. மூன்றாவதாக, பக்கத்துப் பக்கத்து ஆக்சான்கள் தம் இனத்தோடு சேர்ந்து பிரிவது. இதில்தான் நரம்புச் செயல்பாடு நுழைகிறது. கிர்ரெல்2, கிர்ரெல்3 என்ற ஒட்டுப் புரதங்களின் அளவு செயல்பாட்டைப் பொறுத்து மாறுகிறது.

அந்தச் செயல்பாட்டிலும் இரண்டு வகை: மணம் பட்டு எழுவது, தானாக எழுவது. ஆக்செல் ஆய்வகத்தில் இருந்தபோது யூ 2004-ல் வெளியிட்ட வேலையின் சாரமே வரைபடம் அமையவும் நிலைக்கவும் தானாக எழும் துடிப்பு வேண்டும் என்பது. மூக்கை அடைத்தால் மணம் நிற்கும், தானாக எழும் துடிப்பு நிற்காது. கிர்2.1 என்ற பொட்டாசியம் சேனலை அதிகமாக வெளிப்படுத்தினால் இரண்டுமே அடங்கும். அதனால்தான் ஒன்றில் வரைபடம் கலைகிறது, மற்றதில் கலையாமல் குமிழ் மட்டும் சுருங்குகிறது.

#3 திசுவெட்டி

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். செய்முறைக்கு வருவோம்.

பிறந்த மறுநாளே அடைப்பது வழக்கம். அந்த வயதில் குட்டியைக் குளிர்வித்து மயக்குவார்கள். பனிக்கட்டிமேல் நேரடியாகப் படுக்க வைக்கக் கூடாது, தோல் வெந்துபோகும். கையுறை லேடெக்ஸில் சுற்றி வைக்க வேண்டும். மின்சூட்டுக் கோலின் நுனி மூக்குத்துளை விளிம்பை ஒரு கணம் தொட்டால் போதும். ஆழமாகப் போனால் நடுத்தடுப்புக் குருத்தெலும்பு வெந்து மறுபக்கமும் கெட்டுவிடும். மேலே ஆன்டிபயாடிக் களிம்பு. சூடேற்றி, உடல் இளஞ்சிவப்பாகி அசையத் தொடங்கிய பிறகு, கூட்டுப் பொருளில் புரட்டி எடுத்துத்தான் தாயிடம் விட வேண்டும். சூட்டுக் கருகல் வாடையோடோ கையுறை வாடையோடோ திருப்பி விட்டால் தாய் ஒதுக்கும், சில சமயம் தின்றும்விடும்.

பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. சிரங்கு உதிரும்போது துளை திரும்பத் திறந்துகொள்ளும். தினமும் ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பார்த்து, அந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் வைத்து, மூச்சு விடும்போது குமிழி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வந்தால் அந்தக் குட்டி கணக்கில் இல்லை. இந்தச் சோதனை எழுதப்படாத கட்டுரையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

30 நாளில் அடைத்த பக்கக் குமிழ் சுமார் கால் பங்கு சிறுத்திருக்கும். மைட்ரல் செல் (குமிழிலிருந்து மூளையின் மற்றப் பகுதிக்குச் செய்தி அனுப்பும் நியூரான்) எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. அவை கருவிலேயே, சுமார் 10 முதல் 13-ம் நாளுக்குள், பிறந்து முடிந்தவை. அடி வாங்குவது பிறப்புக்குப் பின் வந்து சேரும் கிரானுல் செல்கள் (குமிழுக்குள்ளேயே வேலை செய்யும் சிறு நியூரான்கள்). அடைப்பு சரியாக வேலை செய்ததா என்று அறிய குளோமெருலஸைச் சுற்றியுள்ள செல்களில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் (டோபமைன் உண்டாக்க வேண்டிய நொதி) சாயத்தைப் பாருங்கள். அடைத்த பக்கம் அது வெளிறிப் போயிருக்க வேண்டும். குமிழ் சிறுத்தும் அந்தச் சாயம் குறையவில்லை என்றால் அறுவையிலோ வெட்டும் கோணத்திலோ கோளாறு.

#4 மைட்ரல்_மணி

அடைக்காத மறுபக்கமே கன்ட்ரோலாக (ஒப்பிடுவதற்கான இயல்பு நிலையாக) இருக்கிறதே, அதுதான் இந்த முறையின் அழகு என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஒரே விலங்கு, ஒரே மரபு, ஒரே தாய்.

#5 திசுவெட்டி

@மைட்ரல்_மணி அழகு இல்லைங்க, அதுதான் பொறி. ஒரு துளை மூடியதும் மொத்தக் காற்றும் மறு துளை வழியாகப் போகிறது. அந்தப் பக்க எபிதீலியம் காய்கிறது, தூசி அதிகம் படுகிறது, நியூரான்கள் வழக்கத்தைவிட வேகமாக அழிந்து மாறுகின்றன. அடைத்த பக்கமோ உலராமல், அடிபடாமல், பாதுகாப்பாக இருக்கிறது; நியூரான்கள் அதிக நாள் வாழும், சமிக்ஞை கடத்தும் புரதங்களைக் கூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் இயல்பு இல்லை. வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்றே தெரியாது.

இன்னொன்று, அடைத்த பக்கம் மணமே இல்லாத பக்கமும் அல்ல. தொண்டைப் பக்கமிருந்து பின்வழியாக மணம் ஏறும், நடுத்தடுப்பின் பின்பகுதித் திறப்பு வழியாகவும் கசியும். நிற்பது முக்கியமாகக் காற்றோட்டம். முகர்வு நியூரான்கள் காற்றழுத்தத்துக்கே எதிர்வினை காட்டும் என்று மிங்ஹாங் மா குழு 2007-ல் காட்டிய பிறகு, "மணமின்மை" என்று மட்டும் எழுதுவது அரைகுறை.

அதனால் குறைந்தது இரண்டு குழுக்கள் கூடுதலாக வேண்டும். ஒன்று அதே ஈற்றில் பிறந்த, தொடாத குட்டிகள். மற்றது துளைக்குப் பக்கத்துத் தோலில் மட்டும் சூடு பட்ட குட்டிகள், அதே குளிர்விப்பு, அதே பிரிவு நேரத்தோடு. ஒரு ஈற்றுக் குட்டிகளைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணாமல், ஈற்றை ஒரு காரணியாகக் கணக்கில் சேருங்கள். 12 குட்டி போட்ட தாயிடமும் 5 குட்டி போட்ட தாயிடமும் வளர்கிற மூளை எடை ஒன்றல்ல. பிறந்த அன்றே எண்ணிக்கையைச் சமப்படுத்திவிடுவது மேல்.

#6 கருநாள்10

அப்படியானால் கெடு என்று சொல்ல மரபணு வழிதான் ஒரே வழியா? டாக்சிசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்து, செருகிய மரபணுவை நினைத்த நாளில் நிறுத்தலாம் என்கிறார்கள். முதல் வாரத்துக்குள் அது நம்பகமா?

#7 குமிழ்வாசி

நம்பலாம், ஆனால் நாளைக் கையில் பிடித்துக் காட்டிய பிறகு. யூ குழு செய்தது டெட்-ஆஃப் முறை: டாக்சிசைக்ளின் இருந்தால் கிர்2.1 மரபணு அணையும், இல்லாவிட்டால் எரியும், அதாவது வேலை செய்யும். பிறந்த முதல் வாரத்துக்குள் அணைத்தால் ஆக்சான்கள் தம் இடத்துக்குத் திரும்பின. அதற்குப் பிறகு அணைத்தால் கலைந்தது கலைந்ததுதான். பார்னியா குழு வேறு கோணத்தில் போனது. ஓர் ஏற்பியைச் செயற்கையாகப் பல நியூரான்களில் வெளிப்படுத்தியபோது, அதே ஏற்பியை இயல்பாகக் கொண்டிருந்த ஆக்சான்களும் இடம் மாறிப் புதிய குளோமெருலஸுக்குப் போயின. பிறப்பையொட்டி வெளிப்படுத்தினால் மட்டுமே இது நடந்தது. வரைபடம் அமைந்த பின் வெளிப்படுத்தினால் ஒன்றும் ஆகவில்லை. இடம் மாறிய பிறகு நியூரான்களை வேதிப்பொருளால் அழித்து மீண்டும் வளரவிட்டபோதும் பழைய இடம் திரும்பவில்லை. இந்தக் கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இயல்பான வழி வளரும் மூளையில் இருந்தது, வளர்ந்ததில் இல்லை. பின்னால் பிறக்கும் நியூரான்கள் முன்னால் போனவற்றின் தடத்தைப் பிடித்துப் போகின்றன என்பது யூ குழுவின் விளக்கம்.

செய்முறைச் சிக்கல்கள்:

டாக்சிசைக்ளின் குட்டிக்குத் தாய்ப்பால் வழியாகத்தான் போகும். தாயின் தீவனத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் பரவலாகப் பயன்படும் அளவு. தண்ணீரில் கலந்தால் கசப்பு, சர்க்கரை சேர்க்க வேண்டும். வெளிச்சத்தில் சிதையும், புட்டியை அலுமினியத் தாளில் சுற்றி, சில நாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும். மருந்தைக் கொடுத்து அணைப்பது வேகம், மருந்தை எடுத்து எரிய விடுவது மெதுவு. உடலிலிருந்து கழிய நாட்கள் ஆகும், அதன் பிறகு புரதம் சேர வேண்டும். முதல் வாரத்துக்குள் கெடு முடிகிற அமைப்பில் இந்தத் தாமதம் சின்ன விஷயம் இல்லை. "5-ம் நாள் மருந்தை நிறுத்தினோம்" என்பதை "5-ம் நாள் மரபணு எரிந்தது" என்று படிக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் சில குட்டிகளை எடுத்து, கூடவே வரும் அடையாளப் புரதத்தைச் சாயமிட்டு, எப்போது அணைந்தது எப்போது எரிந்தது என்று படமாக வைக்க வேண்டும். அணைந்த பிறகும் பழைய புரதம் ஆக்சான் நுனியில் கொஞ்ச காலம் தங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயக்கி (செருகிய மரபணு எந்தச் செல்லில் எரியும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதி) எது என்பதும் முக்கியம். ஓஎம்பி இயக்கி முதிர்ந்த நியூரானில்தான் வேலை செய்யும், ஆக்சான் குமிழை அடைந்த பிறகு. ஆக்சான் போகும்போதே குறுக்கிட வேண்டுமானால் முதிராத நியூரானில் எரியும் காமா8 இயக்கி வேண்டும். இரண்டில் வந்த முடிவுகளை ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடுவது அபத்தம்.

#8 பாரஃபின்_பாவை

குளோமெருலஸ் எண்ணிக்கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பிறந்த உடனே எண்ணினால் இரண்டுக்கு மேல் இருக்கும், அது கோளாறு இல்லை. மிகுதியாக உண்டானவை பிறகு கழிகின்றன. ஏற்பிக்கு ஏற்பி அந்த வேகம் மாறும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் அதே வயது, அதே ஏற்பி, இயல்பான குட்டி என்று ஒப்பிடாமல் "பெரியதில் இரண்டு" என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இல்லாத கலைவைக் கண்டுபிடிப்பீர்கள். பொருத்தமான மணம் கிடைக்காமல் போனால் இந்தக் கழிவு தடைபடும் என்றும் காட்டியிருக்கிறார்கள். மூக்கடைப்பு வரைபடத்தைத் தொடுவது இந்த ஓரத்தில்தான்.

#9 நீலச்சாயம்

திசுத் தயாரிப்பு பற்றி யாரும் எழுதவில்லையே. பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

எக்ஸ்-கேல் நீலத்தில் (செருகிய அடையாள நொதி இருக்கும் ஆக்சான்களை நீலமாக்கும் சாயத்தில்) முழுக் குமிழையும் பார்ப்பதாக இருந்தால் தலையை நடுக்கோட்டில் பிளந்து, 4% பாராஃபார்மால்டிஹைடில் பனிக்கட்டிமேல் அரை மணி நேரம் போதும். இரவு முழுக்கப் போட்டால் நொதி செத்துவிடும், நீலம் வராது. சாயக் கரைசலில் எக்ஸ்-கேல் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபெர்ரோசயனைடும் தலா 5 மில்லிமோலார், மக்னீசியம் குளோரைடு 2 மில்லிமோலார், 37 டிகிரி. பிஎச் 7.4-க்குக் கீழே இறங்கினால் திசுவின் சொந்த நொதி விழித்துக்கொண்டு எங்கும் நீலம் அடிக்கும். உட்பக்க குளோமெருலஸ் பிளந்ததுமே தெரியும். வெளிப்பக்கத்தைப் பார்க்கக் குமிழைப் பெயர்க்க வேண்டும். மூக்குக்கும் மூளைக்கும் இடையிலுள்ள சல்லடை எலும்பு வழியாக வரும் ஆக்சான் கற்றை அப்போது அறுந்துவிடும். ஆகவே முதலில் உட்பக்கத்தைப் படமெடுத்துவிட்டு, பிறகு பெயர்க்கவும்.

ஆன்டிபாடிச் சாயத்துக்கு வேறு கணக்கு. கரு நாள் 14.5 தலையை 4% பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் ஓர் இரவு, பிறகு 30% சர்க்கரைக் கரைசலில் அடியில் மூழ்கும்வரை. மிதந்துகொண்டிருக்கும்போதே உறைய வைத்தால் பனிப்படிகம் திசுவை ஓட்டை ஓட்டையாக்கும். வளர்ந்த விலங்கின் மூக்கில் எலும்பு கடினம், 0.5 மோலார் ஈடிடிஏ, பிஎச் 8, ஊசி குத்தினால் தடையின்றி இறங்கும்வரை, கரைசலை மாற்றி மாற்றி. அவசரத்துக்கு அமிலம் போட்டுச் சுண்ணாம்பு நீக்கினால் பல ஆன்டிபாடிகள் பிடிக்காமல் போகும்.

மூக்கறையில் காற்று மாட்டிக்கொள்ளும் என்பதை மறக்கிறார்கள். உறைவு ஊடகம் உள்ளே போகாத இடத்தில் செக்ஷன் நொறுங்கும், எபிதீலியம் சுருட்டிக்கொண்டு உரியும். ஊடகத்தில் போட்டதும் வெற்றிடக் கலத்தில் வைத்துக் குமிழி வருவது நிற்கும்வரை இழுங்கள். செக்ஷன் 14 முதல் 20 மைக்ரோமீட்டர், மூக்கு நுனிக்குக் குறுக்காக.

பரவலாகப் பயன்படும் ஓஎம்பி ஆன்டிபாடி ஆட்டில் உண்டாக்கியது. அதோடு ஆட்டுச் சீரத்தில் மறைப்புப் போட்டாலோ, ஆட்டில் செய்த இரண்டாம் ஆன்டிபாடியை மற்ற நிறத்துக்குப் பயன்படுத்தினாலோ இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். "ஓஎம்பியும் ஜிஏபி43-உம் ஒரே செல்லில் இருக்கின்றன" என்று புதுக் கண்டுபிடிப்பு பிறக்கும்! ஜிஏபி43 முதிராத நியூரானின் அடையாளம், ஓஎம்பி முதிர்ந்ததன் அடையாளம். இரண்டும் தனித்தனி அடுக்காக, ஜிஏபி43 கீழே, ஓஎம்பி மேலே வர வேண்டும். கழுதைச் சீரம், கழுதையில் செய்த இரண்டாம் ஆன்டிபாடிகள், தீர்ந்தது. முதல் ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடு ஒன்று கட்டாயம். போமன் சுரப்பிகள் தாமாகவே ஒளிர்ந்து ஏமாற்றும்.

#10 மைட்ரல்_மணி

@திசுவெட்டி கன்ட்ரோல் விஷயம் புரிந்தது, நன்றி. தலைப்பில் "மூளை வளர்ச்சி" என்று இருக்கிறதே. இதுவரை பேசியது குமிழோடு நிற்கிறது. குமிழைத் தாண்டி மூளைக்கு மூக்கு என்ன செய்கிறது?

#11 குமிழ்வாசி

நிறைய. மூன்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, செல்கள். இனப்பெருக்க ஹார்மோன்களைத் தொடங்கி வைக்கும் ஜிஎன்ஆர்எச் நியூரான்கள் மூளையில் பிறப்பதில்லை. மூக்குத் தகட்டில் பிறந்து, முகர்வு மற்றும் முனை நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு ஹைப்போதாலமஸுக்கு நடந்து போகின்றன. சுண்டெலியில் இவை மொத்தமே சுமார் 800. அந்த இழைகள் மூளையைத் தொடாமல் போனால் இவையும் சல்லடை எலும்பருகே தேங்கிவிடும். கால்மன் குறைபாட்டில் முகர்வின்மையும் பருவமடையாமையும் சேர்ந்து வருவதன் காரணம் இதுதான். ஷ்வான்செல்-ஃபுகுடா, பிக், ஃபாஃப் மூவரும் 1989-ல் அந்தக் குறைபாடுள்ள மனிதக் கருவிலேயே இதைக் காட்டினார்கள். பருவம் தாமதமாகும் பிள்ளையிடம் "வாசனை தெரிகிறதா?" என்று கேட்பது செலவில்லாத, பயனுள்ள கேள்வி. எம்ஆர்ஐ எடுப்பதானால் நெற்றிக்கு இணையான தளத்தில் மெல்லிய வெட்டுகளாகக் கேட்க வேண்டும். வழக்கமான தடிமனில் குமிழ் இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோலத் தெரியும்.

இரண்டு, துடிப்பு. சுண்டெலிக் குட்டிக்குக் கண் திறக்கப் பிறந்து சுமார் இரண்டு வாரம், காது திறக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு. முகர்வு முதல் நாளே வேலை செய்கிறது. ஹாம்பர்கில் இலேனா ஹனகனு-ஓபாட்ஸ் குழு, பிறந்த குட்டியின் குமிழில் எழும் அலைகள் என்டோரைனல் புறணியையும் அதன் வழியாக ஹிப்போகாம்பஸையும் இயக்குவதைக் காட்டியிருக்கிறது. நினைவுக்கான சுற்று முதலில் பழகுவது மூக்கின் தாளத்தில் என்பது என் வாசிப்பு.

மூன்று, உயிர். மணத்தை மின்துடிப்பாக்கும் சிஎன்ஜிஏ2 சேனல் இல்லாத சுண்டெலிக் குட்டிகளில் பெரும்பாலானவை முலைக்காம்பைக் கண்டுபிடிக்க முடியாமல் முதல் சில நாளிலேயே இறந்தன, 1996 ஆய்வில். ஆகவே பிழைத்த குட்டிகளை மட்டும் வைத்து மூளையை அளந்தால், பால் குறைவால் வந்த குறையும் முகர்வின்மையால் வந்த குறையும் கலந்தே இருக்கும். எடையை நாள்தோறும் குறித்து, எடை ஒத்த இயல்புக் குட்டிகளோடு ஒப்பிட வேண்டும்.

#12 பாரஃபின்_பாவை

மனிதருக்கு இதை அப்படியே நீட்டாதீர்கள். சுண்டெலியில் வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) ஓரத்திலிருந்து புதிய நியூரான்கள் ஆயுள் முழுக்கக் குமிழுக்கு ஓடுகின்றன. லோயிஸ், அல்வாரெஸ்-புயில்லா 1994-ல் அந்த ஓட்டத்தைக் காட்டினார்கள். மனிதக் குழந்தையில் அந்த ஓட்டம் உண்டு, சுமார் 18 மாதத்துக்குள் வற்றிவிடுகிறது. வளர்ந்த மனிதக் குமிழில் கார்பன்-14 கொண்டு வயது பார்த்தபோது பிறப்புக்குப் பின் சேர்ந்த நியூரான் ஏறக்குறைய இல்லை என்றே வந்தது. மூக்கு எபிதீலியத்தில் புது நியூரான் பிறப்பது வேறு கதை, அது மனிதரிலும் உண்டு. இந்த இரண்டையும் செய்திகள் அடிக்கடி குழப்புகின்றன.

#13 வாசப்பொடி

நடத்தைச் சோதனை பக்கத்திலிருந்து கொஞ்சம்.

கருவிலேயே கற்கிறதா என்ற கேள்விக்கு எலியில் பழைய சான்று சிட்ரால். கருநீரில் சிட்ரால் (எலுமிச்சை மணப்பொருள்) சேர்த்து, பிறந்ததும் அதே மணத்தைக் காட்டிய குட்டிகள், கழுவிய காம்பில் சிட்ரால் பூசினால் பற்றின (பெடர்சனும் பிளாஸும், 1982). மனிதரில், சோம்பு சுவைத்த தாய்மாரின் சிசுக்கள் பிறந்த சில மணியிலேயே சோம்பு மணத்துக்குத் திரும்பியதை பெனுவா ஷால் குழு 2000-ல் காட்டியது. ஆனால் கருவில் பழகியதும் பிறந்தபின் பாலில் பழகியதும் தனித்தனியாகப் பிரிக்கப்பட வேண்டும். எலியில் பிறந்த உடனே வளர்ப்புத் தாயிடம் மாற்றி அதைச் செய்யலாம்.

பத்து நாளுக்குக் குறைந்த எலிக்குட்டியில் ஒரு வினோதம். மணத்தோடு மெல்லிய மின்னதிர்ச்சி சேர்த்தால், வெறுப்புக்குப் பதில் அந்த மணத்தின்மேல் விருப்பம் வரும் (ரெஜினா சல்லிவன் குழு). கார்டிகோஸ்டிரோன் உயர்ந்திருந்தால் இது கவிழ்ந்துவிடும். ஆகவே குட்டியைக் கையாண்ட நேரம், குளிர், தாயைப் பிரிந்த நிமிடம் எல்லாமே முடிவை மாற்றும். எல்லாக் குட்டிக்கும் ஒன்றுபோல் வைக்காவிட்டால் நீங்கள் அளப்பது பதற்றத்தை.

மணம் கொடுப்பதில் முதல் தவறு செறிவு. மினரல் எண்ணெயில் எல்லாவற்றையும் 1% கலந்துவிட்டு "ஒரே செறிவு" என்று எழுதுவார்கள். காற்றில் வருவது ஆவியழுத்தத்தைப் பொறுத்தது. அமைல் அசிடேட்டும் ஃபீனைல்எத்தில் ஆல்கஹாலும் ஒரே 1%-ல் காற்றில் பல மடங்கு வித்தியாசப்படும். ஒளி-அயனாக்க உணரியால் குழாய் முனையில் அளந்தால்தான் உண்டு. சிலிகோன் குழாய் மணத்தை உறிஞ்சி அடுத்த சுற்றில் கக்கும், டெஃப்ளான் போடுங்கள். வால்வின் க்ளிக் ஓசையையே விலங்கு கற்றுக்கொள்ளும். வெற்று எண்ணெய் வாய்க்கும் அதே வால்வு, அதே ஓசை இருக்கட்டும்.

இரண்டாவது, முக்கிளை நரம்பு. அசிட்டிக் அமிலம், மென்தால், அம்மோனியா எல்லாம் எரிச்சலாகவும் குளிர்ச்சியாகவும் முக்கிளை நரம்பு வழியே தெரியும். முகர்வே இல்லாத விலங்கும் தலையைத் திருப்பும். முகர்வின்மையைச் சோதிக்க ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் மாதிரி எரிச்சல் இல்லாதது வேண்டும்.

#14 கருநாள்10

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை இப்படித் திருத்தலாமா: மூக்கடைப்பில் குமிழ்ப் பருமனும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸும் மட்டும், வரைபடக் கேள்விக்கு கிர்2.1 விலங்கு, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் "செயல்பாடு" என்று எழுதாமல் "மணத்தால் எழும்", "தானாக எழும்" என்று பிரிப்பது.

#15 திசுவெட்டி

சரி. இரண்டு திருத்தம். அளக்கிறவருக்கு எந்தப் பக்கம் அடைத்தது என்று தெரியக் கூடாது. அடைத்த பக்கத்தை விலங்குக்கு விலங்கு இடம் வலம் மாற்றி, ஸ்லைடில் மறுபக்கத்தைக் காட்டும் சிறு கீறலைப் பெருமூளைப் புறணியில் போட்டுவிடுங்கள், குமிழில் அல்ல. கரு வயதைக் குறிக்கும்போது தாய் இணை சேர்ந்ததைக் காட்டும் யோனி அடைப்பைக் கண்ட காலையை 0.5 என்று எடுத்தீர்களா 1 என்று எடுத்தீர்களா என்பதை முறைப் பகுதியின் முதல் வரியிலேயே எழுதுங்கள். முகர்வு ஆக்சான் மூளையைத் தொடும் 11-ம் நாளையொட்டி ஒரு நாள் தவறினால் வேறு கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.